காசின் மேல்தோல்

பழைய வெள்ளிக்காசு ஒன்று கைக்கு வந்தால், துலக்கிப் பளிச்சென்று ஆக்கிவிடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பாத்திரத்துக்கு அது சரி. சேகரிப்பு நாணயத்துக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. தரம் பார்ப்பது, சுத்தம் செய்வது, முதலீடு செய்வது ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். ஆனால் மூன்றும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: அச்சிலிருந்து விழுந்த நொடியில் அந்தக் காசுக்கு இருந்த மேல்தோல் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? போன தோல் திரும்பி வராது. எந்த ரசாயனமும் எந்தக் கைவேலையும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

அந்தத் தோல் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து பல டன் அழுத்தத்தில் அடிக்கும்போது, உலோகம் உருகாமலேயே பிதுங்கி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் அச்சின் முகத்தையும் அரித்து நுண்ணிய கோடுகளை உண்டாக்கும். அடுத்தடுத்து அடிக்கப்படும் காசுகளில் அந்தக் கோடுகள் பதியும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத இந்த ஆரக்கோடுகள்தான் வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி வீசுகின்றன. புதுக்கருக்கு அழியாத வெள்ளிக்காசை விளக்கின் கீழ் சாய்த்து மெதுவாகச் சுழற்றினால், இரண்டு ஒளிப்பட்டைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலக் காசைச் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் இதைக் கார்ட்வீல் என்கிறார்கள். ஒருமுறை துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்தக் கோடுகளின் முகடுகள் மழுங்கும். பிறகும் காசு மின்னும், ஆனால் ஒளி சுழலாது. கண்ணாடித் துண்டு போல ஒரே இடத்தில் நின்று பளிச்சிடும். இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்குவதுதான் தரம் பார்க்கக் கற்றுக்கொள்வதில் பாதி.

பார்க்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். அதில் 75 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும், ஒளி ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் குழல் விளக்கும் ஒளியைப் பரப்பிவிடுவதால் மெல்லிய கீறல்கள் அதில் மறைந்துபோகும். மேசையில் மெத்தென்ற துணியை மடித்து விரித்து, காசை அதற்கு மேலே பிடியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காசின் ஓரத்தை மட்டுமே தொட வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. காசுக்கு மேலே குனிந்து பேசவும் கூடாது. தெறிக்கும் எச்சில் துளி அன்று தெரியாது. மாதங்கள் கழித்து செம்பிலோ வெள்ளியிலோ கரும்புள்ளியாக எழும்பும், அதைப் போக்க வழியில்லை. முதலில் வெறும் கண்ணால் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றையும் பாருங்கள். அதன் பிறகுதான் 5 மடங்கு லென்ஸ். 10 மடங்கு லென்ஸ் போலியைக் கண்டுபிடிக்க உதவும். தரம் பார்க்க அதை எடுத்தால் எல்லாக் காசும் குப்பையாகத் தெரியும்.

இன்று உலகச் சந்தையில் ஓடும் 70 புள்ளி அளவுகோலை 1949இல் வெளியிட்டவர் அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன். அவர் அதை விலை சொல்லும் கருவியாகத்தான் அமைத்தார். 1794ஆம் ஆண்டின் பெரிய செம்பு சென்ட்டில் ஆகக் கேவலமான நிலையில் உள்ளது 1 டாலர் என்றால், குறையே இல்லாதது 70 டாலர். அந்த விலைக்கணக்கு சீக்கிரமே செல்லாமல் போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. 1986இல் பிசிஜிஎஸ் நிறுவனமும் 1987இல் என்ஜிசி நிறுவனமும் தொடங்கி, காசை இந்த எண்ணோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிட்டுத் தர ஆரம்பித்தன. அந்தப் பெட்டிக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். சுருக்கமாக: 4 முதல் 6 வரை உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சியது, 12 முதல் 15 வரை ஃபைன், 20 முதல் 35 வரை வெரி ஃபைன், 40 முதல் 45 வரை எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 50 முதல் 58 வரை ஏறக்குறைய புழங்காதது, 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாதது. ப்ரூஃப் என்பது தரத்தின் பெயர் அல்ல, தயாரிப்பு முறையின் பெயர். மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சால் அடித்துச் செய்வது அது. சட்டைப்பையில் போட்டுத் தேய்த்த ப்ரூஃப் காசு, ப்ரூஃப் 45 ஆகவும் இருக்கலாம்.

தரத்தின் பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தருவதையும் மறக்கக் கூடாது. ஜெர்மன் ஏலப் பட்டியலில் 'ஸேர் ஷோன்' என்று இருந்தால் சொல்லுக்குச் சொல் 'மிக அழகு' என்று வரும். அது குறிப்பதோ, கண்ணுக்குத் தெரியத் தேய்ந்த வெரி ஃபைன் தரத்தை. பெயரை நம்பி வாங்காமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவது தேய்மானத்தையும் மங்கலான அச்சையும் பிரித்தறிவதில். அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் பெண்தலையின் காதுக்கு மேலுள்ள முடிச்சுருள், பின்பக்கத்தில் கழுகின் நெஞ்சு, இவைதான் அதில் மிக உயரமான இடங்கள். உயரமான இடம் முதலில் தேயும். ஆனால் அச்சில் அதுவே மிக ஆழமான குழி என்பதால், அழுத்தம் போதாவிட்டால் உலோகம் முதலில் எட்டாமல் போவதும் அங்கேதான். நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையில் (காசு அடிக்கும் ஆலையில்) அடித்த டாலர்களில் பல, புழங்காமலே காது மேல் முடி மொழுக்கென்று இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த இடத்தை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். ஒளிப்பட்டை முடிமேல் ஏறி இறங்கித் தடையில்லாமல் ஓடினால் அது அச்சின் குறை. பட்டை அந்த இடத்துக்கு வந்ததும் செத்து, சாம்பல் நிறத் திட்டாக மங்கினால் அது தேய்மானம். முதலாவதன் தரம் 60 அல்லது அதற்கு மேலே, இரண்டாவதன் தரம் 58 அல்லது அதற்குக் கீழே. விலையில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கலாம்.

60க்கு மேலே நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: வடுக்கள், ஒளி, அச்சின் தெளிவு, மொத்தத்தில் கண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்பது. வடு எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். ஆயிரம் டாலர் கொண்ட மூட்டைகளில் காசோடு காசு மோதி விழுந்த வடு, முடிச்சுருளுக்குள் இருந்தால் கண்ணுக்குப் படாது. அதே வடு வழவழப்பான கன்னத்தின் நடுவே இருந்தால் ஒன்றே போதும், ஒரு புள்ளியோ இரண்டோ குறையும். கன்னமும் முகத்துக்கு முன்னுள்ள வெற்றுப் பரப்பும்தான் கண் முதலில் போய் விழும் இடங்கள். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 58 வாங்கிய காசு, 60 அல்லது 61 வாங்கியதைவிடப் பெரும்பாலும் அழகாக இருக்கும். 60 என்பது புழங்காதது, ஆனால் அடிபட்டு நொந்தது. 58 என்பது வடுவே இல்லாமல் உச்சியில் மட்டும் லேசான உரசல் கண்டது. கண்ணை நம்பி வாங்குபவருக்கு நல்ல 58ஐவிட நிறைவான பேரம் கிடைப்பது அரிது.

இனி சுத்தம்.

வெள்ளி ஏன் கறுக்கிறது? காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மேற்பரப்பு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகின்றன. அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அல்ல, காசின் வெள்ளியே உருமாறியது. அதை நீக்கினால் காசின் தோலில் ஒரு அடுக்கையும் சேர்த்துத்தான் நீக்குகிறீர்கள். தயோயூரியாவும் அமிலமும் கலந்த 'டிப்' திரவத்தில் சில நொடி முக்கினால் கறுப்பு மாயமாய் மறையும், கூடவே ஆரக்கோடுகளின் முகடும் கரையும். ஒருமுறை முக்கியது தெரியாமலும் போகலாம். நான்கைந்து முறை முக்கினால் காசு வெளுத்து, சுண்ணாம்பு பூசிய சுவர் போல உயிரில்லாமல் இருக்கும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் போட்டுச் செய்யும் வித்தையும் இப்படித்தான். சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகும் என்பது வேதியியலில் உண்மை. ஆனால் திரும்பி வருவது அச்சு பதித்த வழவழப்பான தோல் இல்லை, சொரசொரவென்று ஒட்டிய பொடி.

மெல்லிய படலமாக இருக்கும்போது இதே சல்ஃபைடு அழகிய நிறங்களையும் தரும். தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதும் இதுவும் ஒரே இயற்பியல். படலம் தடிக்கத் தடிக்க இளமஞ்சள், பிறகு சிவப்பும் ஊதாவும், பிறகு நீலம் என்று வரிசையாகப் போகும். பல ஆண்டுகளில் தானாக ஏறிய நிறம் இந்த வரிசையில் ஒன்றில் ஒன்று கரைந்து ஓடும். வரிசை குலைந்து நீலத்துக்குப் பக்கத்தில் சட்டென்று மஞ்சள் நின்றாலும், பழைய கீறலுக்குள் மட்டும் நிறம் அடர்ந்து தேங்கியிருந்தாலும், ஏற்கெனவே துலக்கிய காசுக்குச் சூடு காட்டியோ ரசாயனம் தடவியோ நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

துலக்கிய காசு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பற்பசை, பாத்திரப் பொடி, துணி எதைக் கொண்டு தேய்த்தாலும் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் கூட்டமாக ஓடும். புழக்கத்தில் விழும் கீறல்கள் பல திசையில் சிதறிக் கிடக்கும். எழுத்துகளுக்கும் உருவத்துக்கும் நடுவிலுள்ள ஒதுக்கிடங்களில் கறுப்பு அப்படியே இருக்க, வெற்றுப் பரப்பு மட்டும் பளபளத்தால் அதுவும் துலக்கியதன் அடையாளம். இன்னொரு மோசடி உண்டு. சுழலும் கம்பித் தூரிகையால் மேற்பரப்பு உலோகத்தையே நகர்த்திப் போலி மினுக்கம் உண்டாக்குவது. விஸ்ஸிங் என்று இதைச் சொல்வார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் ஒரு பக்கத்தில் மட்டும் உலோகம் மேடாகக் குவிந்திருக்கும். இப்படிப்பட்ட காசுகளுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் எண் தருவதில்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதோடு குறையையும் எழுதி, 'டீடெய்ல்ஸ்' என்று முத்திரை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

செய்யவே கூடாதா என்றால், செய்யத்தக்கது ஒன்று உண்டு: காசோடு வேதிவினை புரியாத கரைப்பான்களால், தேய்க்காமல், மேலே ஒட்டியதை மட்டும் நீக்குவது. அதற்கு முதல் தேர்வு சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் நிறமும் மணமும் கலந்திருக்கும். மூடியுள்ள மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்து காசில் ஒட்டும். முதல் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள், பிசின் கெட்டியாக இருந்தால் மூடி வைத்து ஒரு நாள்கூட விடலாம். ஓரத்தைப் பிடித்து எடுத்து இரண்டாவதில் 5 நிமிடம், மூன்றாவதில் ஒரு அலசு. இந்த மூன்றாவது அலசலைத் தவிர்க்கக் கூடாது. அழுக்கு கரைந்த அசிட்டோன் காசின் மேலேயே காய்ந்தால், அத்தனை அழுக்கும் மெல்லிய படலமாகத் திரும்பப் படியும். எடுத்து மென்தாளின் மேல் சாய்த்து வைத்தால் அரை நிமிடத்தில் தானே காயும். துடைக்கத் தேவையில்லை. செம்பின் நிறம் எளிதில் மாறக்கூடியது என்பதால் செம்புக் காசை நீண்ட நேரம் ஊறப்போட வேண்டாம். அசிட்டோனின் ஆவி அறை வெப்பத்துக்கு வெகு கீழேயே தீப்பற்றக்கூடியது. அதனால் காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, தீக்குச்சி, சுவிட்ச்பொறி எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். சாதாரண நைட்ரைல் கையுறை இதில் சீக்கிரம் இளகிவிடும். அசிட்டோன் கறுப்பையோ நிறத்தையோ போக்காது. அதுதான் அதன் சிறப்பு.

காசில் பச்சை கண்டதும் பதறுபவர்கள் உண்டு. பச்சையில் மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் வெவ்வேறு வைத்தியம். கெட்டியாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒன்றிப்போன அடர்பச்சை, பழங்காலச் செம்பு வெண்கலக் காசுகளின் இயற்கைக் களிம்பு. அதைத் தொடாதீர்கள், அதுவே பாதுகாப்பு, அதுவே அழகு. இரண்டாவது, எழுத்துகளின் மூலையில் பிசுபிசுவென்று ஒட்டிய இளம்பச்சைப் படலம். மெத்தென்ற பிவிசி உறையில் காசை ஆண்டுக்கணக்கில் வைத்ததால் வருவது. உறையிலிருந்து கசியும் மென்மையூட்டியும் அமிலமும் உலோகத்தைத் தின்னும். இதற்கு அசிட்டோன் குளியல் உடனே வேண்டும். ஆனால் அதற்குள் அரித்த குழி அப்படியே நிற்கும். மூன்றாவதுதான் பயங்கரமானது: மரக்குச்சியால் தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளி, சுரண்டினாலும் சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். வெண்கல நோய் என்று இதைச் சொல்வார்கள். மண்ணிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகும். ஈரம் இருக்கும்வரை சுழற்சி நிற்காது. அத்தகைய காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பொடியைக் குச்சியால் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் 5 சதவீத சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலில் ஊறவைத்து, வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். இது வாரங்கள் பிடிக்கும் வேலை, களிம்பின் நிறமும் கொஞ்சம் மாறலாம். பிறகு நன்றாக உலர்த்தி சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.

'துலக்காதே' என்ற விதிக்குப் பழங்காலக் காசுகள் ஒரு விலக்கு. மண்ணிலிருந்து எடுத்த எதுவும் சுத்தம் செய்யப்படாமல் சந்தைக்கு வருவதில்லை. அங்கே கேள்வி எவ்வளவு நிதானமாக, எவ்வளவு திறமையாக என்பது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மண்ணை மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்துவதற்கு மேல் புதியவர் போக வேண்டாம். எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைத்தால் அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் களிம்பைத் தின்னும். மின்பகுப்பு களிம்பை மொத்தமாக உரித்துப் பொத்தல் விழுந்த உலோகத்தை வெளியே காட்டும். மிகப் பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் நிலையில் இருக்கலாம், கை தவறி விழுந்தால் ஓடு போல உடையும்.

வைக்கும் விதம் பற்றிச் சில வார்த்தைகள். மடித்தால் படபடவென்று ஒலிக்கும் விறைப்பான பாலியெஸ்டர் உறை நல்லது. மெத்தென்று வளைந்து, புதுச் செருப்பு வாடை அடிப்பது பிவிசி. சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கவைத்து, உறையில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. இதைத் திறந்த வெளியில், காசுகளுக்குத் தொலைவில் செய்ய வேண்டும். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள், சாதாரண காகித உறை இவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளியை வைக்காதீர்கள், கந்தகம் அவற்றிலிருந்துதான் வருகிறது. அட்டைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்த காசை வெளியே எடுக்கும்போது முதலில் பின்களை நீக்குங்கள். பின்னின் முனை முகத்தில் இழுத்த ஒரே கீறல் பத்து புள்ளியைத் தின்ற காசுகள் உண்டு.

வாங்கும் முன் எடையும் பருமனும் பார்ப்பது கட்டாயம். 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் வீட்டிலேயே அடர்த்தி அளக்கலாம். மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மிமீ, 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. காய்ச்சி வடித்த நீருள்ள கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் முங்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. உண்மையான காசென்றால் ஏறக்குறைய 2.59 கிராம் வரும். அதே எடையில் செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியதென்றால் 2.98 பக்கம் போகும். குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், லேசாக ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். உண்மையான வெள்ளியிலேயே அடித்த போலியை இந்தச் சோதனை பிடிக்காது. அங்கே லென்ஸ்தான் துணை: வார்த்தெடுத்ததென்றால் நுண்குமிழிகளும் ஓரத்தில் இணைப்புக் கோடும் மழுங்கிய எழுத்தும் தெரியும், எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தை ஒட்டவைத்திருந்தால் அதன் அடியில் இடைவெளி தெரியும். காசில் உள்ள ஆண்டையும் கண்மூடி நம்பக் கூடாது. 1780 என்று பொறித்த மரியா தெரசா தாலர், அந்த அரசி இறந்த ஆண்டையே சுமந்துகொண்டு இருபதாம் நூற்றாண்டிலும் பல அக்கசாலைகளில் அடிக்கப்பட்டது. ஸ்லாப் பெட்டிகளுக்கும் போலி உண்டு. சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தின் ஒவ்வொரு வடுவையும் கையிலுள்ள காசோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது.

முதலீடு என்று இறங்குபவர்கள் முதலில் கணக்கிட வேண்டியது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. 100க்கு வாங்கிய காசை வியாபாரி மறுநாள் 75க்குத்தான் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால், சந்தை 33 சதவீதம் ஏறிய பிறகே போட்ட முதல் கைக்கு வரும். ஏலத்தில் சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், விற்பவரிடம் கழிவு, அஞ்சல், காப்பீடு எல்லாம் உண்டு. தலைப்புச் செய்தியில் வரும் விலைகளை ஆண்டுக் கணக்காக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். 1933ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் தங்கக்காசு ஒன்று 2002இல் சுமார் 75.9 லட்சம் டாலருக்கும், 2021இல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கும் விலைபோனது. இரண்டரை மடங்கு, கேட்க மலைப்பு. 19 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அதிலும் ஏலச் செலவைக் கழிக்க வேண்டும். அந்த ஆண்டின் இருபது டாலர் காசுகளில் தனியார் கையில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஒரே காசுக்கே நிலை இதுதான்.

எத்தனை அடித்தார்கள் என்ற எண் அபூர்வத்தைச் சொல்லாது. எத்தனை மிஞ்சின என்பதே சொல்லும், அதுவும் நாளைக்கு மாறலாம். 1918இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று கணக்கு எழுதவில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1903இல் அடித்த 44 லட்சத்து 50 ஆயிரம் டாலர்களில் கிட்டத்தட்ட எல்லாம் அதில் போய்விட்டன என்று நம்பினார்கள், புழங்காத ஒன்று கிடைப்பது பெரும் பாக்கியமாக இருந்தது. 1962 இறுதியில் அரசுக் கிடங்கிலிருந்து மூட்டை மூட்டையாக அதே டாலர்கள் வெளியே வந்தன. மார்கன் டாலர் தொடரின் மணிமுடியாக இருந்த காசு சில வாரங்களில் சாதாரண சேகரிப்பாளர் வாங்கும் பொருளாகிவிட்டது. ஸ்லாப் வந்த பிறகு பார்க்காமலே எண்ணை வைத்து வாங்கும் பழக்கம் பரவியது, முதலீட்டு நிதிகள் நுழைந்தன, 1989இல் விலை உச்சிக்குப் போய்ச் சரிந்தது. அந்தச் சரிவில் மோசமாக அடிவாங்கியவை, எங்கும் கிடைக்கும் சாதாரண ஆண்டுகளின் உயர்ந்த எண்கள். காசை விட்டு எண்ணை வாங்கியதன் விளைவு அது.

மதிப்பீட்டு நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 65 வாங்கிய காசைப் பெட்டியிலிருந்து உடைத்தெடுத்து, 66 கிடைக்குமா என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். உடைத்த பெட்டியிலிருந்த பழைய தரச்சீட்டை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே காசு பட்டியலில் நான்கு காசாக நிற்கும்.

மதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்பதற்கு எளிய கணக்கு. கையிலுள்ள காசின் விலை இப்போது 100 என்று வையுங்கள். 65 கிடைத்தால் 300, 64 கிடைத்தால் 100, 'டீடெய்ல்ஸ்' என்று வந்தால் 50. நேர்மையாகப் பார்த்தால் 65க்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு, டீடெய்ல்ஸ் நூற்றுக்குப் பதினைந்து, மீதி 64. கூட்டினால் 60, 65, 7.5, மொத்தம் 132.5. கட்டணமும் அஞ்சலும் 40 என்றால் மிஞ்சுவது 92.5. அனுப்பாமல் வைத்திருப்பதே மேல். இதே கணக்கில் 65இன் விலை 600 ஆனால் கதை மாறும். நம் காசு என்றால் நம் கண் அதற்கு அரைப் புள்ளி கூட்டிப் போடும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அக்கசாலைகளே 'குறைந்த எண்ணிக்கை' என்று அலங்காரப் பெட்டியில் விற்கும் புதிய வெளியீடுகளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை எந்திரத்திலிருந்து நேரே 69, 70 வாங்கும் நிலையில்தான் வருகின்றன. எல்லோரிடமும் குறையில்லாமல் இருக்கும் பொருளுக்கு, குறையில்லை என்பதற்காக யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள்.

விற்பதற்கு ஒரு நாள் வரும், பெரும்பாலும் சேகரித்தவர் கையால் அல்ல. ஒவ்வொரு காசுக்கும் வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை, எடை, இரண்டு பக்கப் படம் ஆகியவற்றை எழுதி, காசுகளிலிருந்து தனியே வையுங்கள். அந்தத் தாளின் முதல் வரியில் பெரிய எழுத்தில் ஒன்று இருக்கட்டும்: எதையும் கழுவவோ துடைக்கவோ வேண்டாம்.